முகம் பார்க்காத டீம்... தெரிந்ததைச் சொல்ல வைப்பது எது? 'மதுரை' சொல்லும் பாடம்!

பசுமலையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சக ஊழியர்களின் முகம்கூட சரியாகத் தெரியாது. "நமக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிட்டா, அப்புறம் நம்மள யாரு மதிப்பா?" என்ற பயம் அங்கேதான் தொடங்குகிறது. அது எப்படிப் போகும்? சங்கம் வளர்த்த மதுரையின் பெயரிலேயே ஒரு பதில் இருக்கு.

மதுரைத் திட்டம்னா என்ன?

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வசித்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னெடுத்த முயற்சி இது. தமிழ் நூல்களை கணினியில் ஏற்றி இணையத்தில் இலவசமாகத் தருவதுதான் நோக்கம். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள்.

ஏன் செய்தார்கள்?

* பெயர்: நூலின் முகப்பிலேயே உழைத்தவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி. கோப்பை யாரும் பரப்பலாம். அந்த முகப்பை மட்டும் நீக்கக் கூடாது.
* சின்ன வேலை: பிற்பாடு, ஒரே நூலைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தும் மெய்ப்புப் பார்த்தார்கள். பாரம் ஒருவர் தலையில் விழவில்லை.
* பொதுச்சொத்து: முடித்த நூல் எல்லோருக்கும் இலவசம். "நம்ம உழைப்புல யாரோ சம்பாதிக்கிறாங்க" என்ற சந்தேகமே வராது.

ஆபீஸுக்கு இது பொருந்துமா?

சம்பள வேலையில் பதவி உயர்வுப் போட்டியும் உண்டு. ஊழியர் கண்டுபிடித்த தீர்வை மேனேஜர் தன் பெயரில் அனுப்பினால், அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார். சொன்னவர் பெயரோடு அனுப்பி, சக ஊழியருக்குக் கற்றுக்கொடுத்ததையும் ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்தால், கேட்காமலேயே சொல்வார்.