வரைபடத்தில் ஒரு க்ஷேத்திரக்கோவை

வயலூரில் தங்கியிருந்த அருணகிரிநாதரை விராலிமலைக்கு வரும்படி முருகப் பெருமான் அழைத்தார். புறப்பட்ட அருளாளருக்கு வழி தெரியவில்லை. வேடன் ஒருவனின் வடிவில் பெருமானே முன்னே நடந்து, மலையைக் காட்டிவிட்டு மறைந்தார் என்பது அத்தலத்து வரலாறு. இன்று திருச்சியிலிருந்து விராலிமலைக்கு நெடுஞ்சாலை உண்டு. தொலைவு சுமார் 30 கி.மீ.; வழி தவற இடமே இல்லை. ஆனால், விராலிமலையில் மதுரைச் சாலையை விட்டுப் பிரிந்து, இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை நோக்கித் திரும்பியதும், வேடன் ஒருவன் எதிர்ப்படமாட்டானா என்று மனம் ஏங்கும் நிலை இன்றும் ஏற்படுகிறது.

காரணம், அங்கே கோயில்கள் குறைவாக இருப்பதன்று, மிகுதியாக இருப்பதே. அன்னவாசலை நடுவில் வைத்துப் பார்த்தால், கிழக்கே சில கிலோமீட்டரில் சித்தன்னவாசல், தென்மேற்கே குடுமியான்மலை, வடகிழக்கே நார்த்தாமலை, வடமேற்கே சற்றுத் தள்ளிக் கொடும்பாளூரும் விராலிமலையும். இவற்றுக்கு இடையே விசலூர், பனங்குடி, காளியாப்பட்டி என்று முற்காலச் சோழர் காலத்துச் சிறு கற்றளிகளைக் கொண்ட சிற்றூர்கள். கண்ணுக்கு நேராக அருகில் தெரியும் குன்றுக்குச் சாலை வழியே சென்றால் ஊரைச் சுற்றி வரவேண்டியிருக்கும். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 மணியளவில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மீண்டும் திறப்பு. காலையில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்ட குடும்பம் பூட்டிய கதவின் முன்னே நான்கு மணி நேரம் காத்திருக்க நேரிடும். இருபத்தைந்து வயதினர்க்கு அது ஒரு சிறு தொல்லை. எழுபத்தைந்து வயதில், முழங்கால் வலியுடன், 'இன்னொரு முறை வருவோமோ' என்ற எண்ணத்துடன் புறப்பட்டவர்க்கு அது சிறு தொல்லை அன்று.

கைபேசியில் உள்ள கூகுள் வரைபடம் இக்குறையைப் பெருமளவு தீர்த்து வைக்கிறது. எனினும் பல வீடுகளில் அது பிள்ளைகளின் கருவியாகவும், வண்டி ஓட்டுபவரின் கருவியாகவுமே இருந்துவருகிறது. புறப்பட்ட பிறகு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, 'அடுத்து எங்கே?' என்று கேட்டு ஒவ்வோர் ஊராகத் தேடுகிறார்கள். அப்போது வரைபடம் காட்டுவது பலரும் தேடும் இடங்களை. பாட்டி நேர்ந்துகொண்ட இடத்தை அன்று. ஊருக்குப் போகும் முன்பே, வீட்டில் அமர்ந்து, செல்லவேண்டிய தலங்களை வரைபடத்தில் குறித்துச் சேமித்துவிட்டால் இந்த நிலை மாறும். அப்பணியை முதியவர்களே செய்வது மிகப் பொருத்தம். எந்தத் தலத்தில் என்ன வேண்டுதல் பாக்கி, எந்த அம்மனுக்குப் புடவை, எந்தச் சந்நிதியில் அர்ச்சனை என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தானே உள்ளன!

தலங்களைத் தொகுத்து வைப்பது நமக்குப் புதிதும் அன்று. அப்பர் பெருமான் தலப்பெயர்களைக் கோத்து க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகம் அருளினார். சுந்தரர் ஊர்த்தொகை பாடினார். பாடல் பெற்ற தலங்களைக் காவிரி வடகரை, தென்கரை, பாண்டி நாடு, கொங்கு நாடு, நடுநாடு, தொண்டை நாடு என்று முன்னோர் பிரித்தனர். வைணவர்களும் 108 திருப்பதிகளைச் சோழ நாட்டுத் திருப்பதி 40, பாண்டிய நாட்டுத் திருப்பதி 18 என்றே எண்ணினர். நடந்து செல்லும் அடியார்க்கு ஆற்றின் எந்தக் கரை என்பதே முதற்கேள்வி. ஆற்றைக் கடக்க வேண்டாத தலங்களை ஒரே வரிசையில் வைத்ததில் பக்தியோடு பயண அறிவும் இருக்கிறது.

கைபேசியில் செய்யவேண்டியதும் அதுவே. வரைபடத்தில் தலத்தின் பெயரைத் தேடி, அந்த இடத்தைத் தொட்டால், கீழே 'சேமி' என்னும் பொத்தான் தோன்றும். அதை அழுத்தியதும், எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று கேட்கும். 'செல்ல விரும்பும் இடங்கள்' போன்ற ஆயத்தப் பட்டியல்கள் அதிலேயே இருந்தாலும், அவற்றில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் காசியும் குடுமியான்மலையும் ஒன்றாகக் கலந்துவிடும். 'புதிய பட்டியல்' என்பதைத் தேர்ந்து, அதற்கு நாமே பெயர் இடுவது நலம். புதுக்கோட்டைச் சீமைக்கு மூன்று பட்டியல்கள் போதும். அன்னவாசலைச் சுற்றிய குன்றுக் கோயில்களுக்கு ஒரு நாள். தெற்கே காரைக்குடிச் சாலையில் உள்ள திருமயத்துக்கு ஒரு நாள். அறந்தாங்கிக்கு அப்பால் உள்ள ஆவுடையார்கோயிலுக்கு ஒரு நாள். இம்மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முயல்வோர் உண்டு. அவர்கள் கோயில்களைக் கண்டார்கள் என்பதைவிடச் சாலைகளைக் கண்டார்கள் என்பதே பொருந்தும்.

சேமிக்கும்போது முதலில் எச்சரிக்கை தேவைப்படுவது பெயரில். அன்னவாசல் வேறு, சித்தன்னவாசல் வேறு. முன்னது பேரூர், பின்னது சமண முனிவர் தங்கிய குன்று. புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தை வெறும் 'கோகர்ணம்' என்று தேடினால், கருநாடகக் கடற்கரையில் உள்ள கோகர்ணத்துக்கு வரைபடம் வழி சொல்லத் தொடங்கிவிடும். தொலைந்த பொருளை மீட்டுத் தருபவள் என்று மக்கள் வேண்டிக்கொள்ளும் அரைக்காசு அம்மன், பிரகதாம்பாளாக எழுந்தருளியிருக்கும் தலம் அது. அங்கே செல்வதற்கே வழியைத் தொலைப்பது வேடிக்கைதான். பழம்பெயர்களை மட்டும் அறிந்த முதியோர்க்கு வேறொரு சிக்கல். திருப்பெருந்துறை என்று தேடுவதினும் ஆவுடையார்கோயில் என்று தேடுவது எளிது. குடுமியான்மலையின் பழம்பெயரான திருநலக்குன்றத்தைத் தேடினாலும் அத்தகைய தடுமாற்றம் நேரலாம். இக்காலப் பெயரில் தேடிச் சேமித்துவிட்டு, பழம்பெயரைக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பெயர் சரியாக இருந்தாலும் புள்ளி சரியாக இருக்கவேண்டும். நார்த்தாமலை என்று தேடினால் ஊரைக் காட்டும். முத்துமாரியம்மன் கோயிலைக் காட்டும். மேலமலையில் உள்ள விஜயாலய சோழீச்சரத்துக்கோ வண்டியை விட்டு இறங்கிப் பாறைமேல் ஏறி நடக்க வேண்டும். வட்ட வடிவக் கருவறையுடன் மேற்கு நோக்கி நிற்கும் அக்கோயிலையும், எதிரே திருமாலின் பேருருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட குடைவரையையும் காண விரும்புவோர், வண்டி நிற்கும் இடத்தைத் தனியாகவும், கோயிலைத் தனியாகவும் இரண்டு புள்ளிகளாகச் சேமித்துக்கொண்டால், அந்த இடைவெளி தம் கால்களுக்கு ஏற்றதா என்று முன்பே எண்ணிப் பார்க்கலாம். சித்தன்னவாசலிலும் அப்படித்தான். தாமரைத் தடாகம் தீட்டப்பட்ட அறிவர் கோயில் ஒரு வழி. முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் வேறு வழி. பின்னதற்குக் குன்றின் மேல் ஏறி, விளிம்பை ஒட்டிச் செல்லவேண்டும். மூட்டுவலி உள்ளோர் அறிவர் கோயிலோடு நிறைவு கொள்வது நல்லது.

புள்ளி சரிதானா என்று அறிய, வரைபடத்தைச் செயற்கைக்கோள் தோற்றத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். இப்பகுதியின் பாறைக் குன்றுகள் வெளிறிய திட்டுகளாகத் தெரியும்; அடிவாரத்தில் கோபுரமும் குளமும் தெரிந்தால் ஐயம் நீங்கும். கோபுரத்தைக் கொண்டு வரைபடத்தைச் சரிபார்ப்பதிலும் ஒரு பொருத்தம் உண்டு. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், சோழமண்டலச் சமவெளியில் ஏறிப் பார்க்கக் குன்றுகள் இல்லாததால் கோயில் கோபுரங்களையே தம் அளவைப் புள்ளிகளாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு அவருடைய பெருங்கருவியை ஏற்றும்போது அது மோதிச் சேதமுற்றது. அதை அவர் பாடுபட்டுச் சீர்செய்தார். இந்நாட்டு வரைபடம் பிறந்ததே நம் கோபுரங்களின் துணையோடுதான்.

பட்டியலில் சேர்த்த ஒவ்வோர் இடத்தின் கீழும் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ள வசதி இருக்கிறது. இதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. உண்மையில் பட்டியலின் உயிர் அங்கேதான். 'விராலிமலை: படிகள் 200-க்கும் மேல், மேலே வண்டி செல்லுமா என்று தேவஸ்தானத்தில் முதல்நாளே கேட்கவும்.' 'குடுமியான்மலை: சிகாநாதர், அகிலாண்டேசுவரி தரிசனம் முதலில், பிறகு மேலைக்கோயில் அருகே பாறையில் உள்ள இசைக் கல்வெட்டு, குன்றின் உச்சியில் அறுபத்துமூவர் வரிசையைக் கீழிருந்தே சேவிக்கலாம்.' 'கொடும்பாளூர்: இடங்கழி நாயனார் அவதரித்த ஊர், மூவர் கோயிலில் எஞ்சியவை இரண்டு விமானங்கள், வழிபாடு இல்லை, முசுகுந்தேசுவரர் கோயில் அருகில்.' இத்தகைய குறிப்பு இரண்டு வரி போதும். வரைபடம் காட்டும் திறப்பு நேரத்தை மட்டும் நம்புதல் ஆகாது. சிற்றூர்க் கோயில்களில் ஒரு கால பூசை செய்யும் குருக்கள் அடுத்த ஊருக்கும் பூசை செய்யப் போகவேண்டியிருக்கும். அவர் வரும் நேரமே கோயில் நேரம். தொலைபேசியில் கேட்டறிந்த நேரத்தையும், கேட்ட நாளையும் குறிப்பில் சேர்ப்பது பயன் தரும்.

நடை சாத்தும் நண்பகல் வேளைக்கு மூவர் கோயில் போன்ற தொல்லியல் துறைப் பராமரிப்பு இடங்களை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. இளைஞர்க்கு அது சரி. சித்திரை, வைகாசி வெயிலில் நார்த்தாமலைப் பாறை வெறுங்காலுக்கு அடுப்புக் கல்லாகச் சுடும். முதியவர் செல்லும் பயணத்தில் நண்பகலுக்கு உரிய புள்ளி, நிழலும் கழிப்பறையும் உள்ள ஓர் உணவகமோ உறவினர் வீடோ ஆகும். அதையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். கூடவே மருந்துக் கடையையும், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும். கோயில் பட்டியலில் மருத்துவமனை எதற்கு என்று தயங்குவோர், மாத்திரைப் பெட்டியை ஏன் பயணப் பையில் வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

எல்லாம் சேமித்த பின் வரிசைப்படுத்த வேண்டும். வழிகாட்டுப் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தங்களைச் சேர்த்து, மேலும் கீழுமாக இழுத்து மாற்றினால், எந்த வரிசையில் தூரம் குறைகிறது என்று வரைபடமே காட்டிவிடும். ஆனால் குறைந்த தூரமே நல்ல வரிசை ஆகிவிடாது. நடை சாத்தும் நேரம் உடைய கோயில்கள் காலையில், படி ஏறவேண்டிய இடம் கால் ஓயுமுன், இருட்டுவதற்குள் நெடுஞ்சாலை. திருமயத்தில் மட்டும் இந்தக் கணக்கு எளிது. சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீசுவரரும் ஒரே குன்றின் அடியில் அருகருகே குடைவரைகளில் அருள்கிறார்கள். ஒரு புள்ளி, இரண்டு தரிசனம்.

குன்றுகளுக்கு இடையே சில இடங்களில் கைபேசித் தொடர்பு அறுந்துபோகக்கூடும். அதற்காக, வீட்டு வைஃபை இருக்கும்போதே, வரைபடத்தில் தம் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் வரைபடங்கள்' என்னும் பகுதிக்குச் சென்று, திருச்சி முதல் அறந்தாங்கி வரை உள்ள பரப்பைத் தேர்ந்து இறக்கிக்கொள்ளலாம். தொடர்பு இல்லாதபோதும் வண்டிக்கு வழி காட்டும். நடைவழியும் பேருந்து வழியும் அப்போது கிடைக்கமாட்டா. நாம் எழுதிய குறிப்புகள் அவ்வேளையில் திறவாமற் போகவும் கூடும். ஆகவே பட்டியலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்வது பழைய வழக்கமானாலும் கைவிடத்தக்கதன்று. பட்டியலைப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் மூலம் அனுப்பவும் முடியும். அவர்களும் அதில் இடங்களைச் சேர்க்க அனுமதி தரலாம். குடும்பத்துக்கு வெளியே இணைப்பை அனுப்பாதிருப்பது பாதுகாப்பு.

இவ்வளவும் வரைபடத்தில் முன்பே இருக்கும் கோயில்களுக்கு. வரைபடத்தில் இல்லாத கோயில்களும் உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில், கோயில்காட்டின் நடுவே, மண்குதிரைகள் சூழ அமர்ந்திருக்கும் ஐயனாரும் கருப்பரும் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். சிலவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லை, தார்ச்சாலை இல்லை. ஒரு புளியமரத்தின் அருகே திரும்பவேண்டும் என்பது தாத்தாவுக்குத் தெரியும். மகன் சிறுவயதில் ஒரு முறை மாட்டுவண்டியில் போயிருப்பான். சிங்கப்பூரில் பிறந்த பேத்திக்கு முதல் முடி இறக்கவேண்டிய நாள் வரும்போது, அந்தப் புளியமரமும் இராது. வழி சொன்னவரும் இல்லாமற் போகலாம்.

அடுத்த முறை பொங்கல் வைக்கச் செல்லும்போது, சந்நிதி முன் நின்றுகொண்டு, வரைபடத்தில் தாம் நிற்கும் இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதைச் சேமித்து, 'நம் ஐயனார்' என்று பட்டியலுக்குப் பெயரிட்டு, பங்காளிகள் அனைவருக்கும் அனுப்பிவிடலாம். வண்டியை நிறுத்தும் இடத்திலும் ஒரு புள்ளி. கீழே குறிப்பில், தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் எழுதவேண்டியவை: கண்மாய் நிறைந்தால் கரைப்பாதையில் கார் செல்லாது, கிணற்றுநீர் இல்லை, குடம் கொண்டு வரவும், பூசாரிக்கு எட்டு நாள் முன்னதாகச் சொல்லவும், முதல் பொங்கல் ஐயனாருக்கு, அடுத்ததே கருப்பருக்கு.