விதைப்பும் அறுப்பும்: ஒரு கிறிஸ்தவ உவமையின் இரு திசைகள்

விதைப்புக்கு ஏற்பவே விளைச்சல் அமையும் என்னும் கருத்து, உழவு அறிந்த எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. தினையையும் வினையையும் இணைத்து நம் முன்னோர் சொன்னதும் அதுவே. கிறிஸ்தவர்களிடையே இது ஒரு வாழ்வியல் கோட்பாடாகவே நிலைபெற்றுள்ளது. கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரமே அதற்குத் தலையாய சான்று. ஒருவர் துன்பத்தில் வீழும்போது, அவர் முன்பு விதைத்ததையே இன்று அறுக்கிறார் என்று முடிவு கட்டுவோரும் இவ்வதிகாரத்தையே துணைக்கு அழைக்கின்றனர். அது அவ்வாறுதான் சொல்கிறதா என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

கலாத்தியா என்பது இன்றைய துருக்கியின் நடுப்பகுதி. உரோமப் பேரரசின் காலத்தில் அம்மாகாணத்தின் தலைநகராயிருந்த அன்கிராவே இன்றைய அங்காரா. ஏறத்தாழ கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட இந்நிருபத்தின் மையச் சிக்கல் ஒன்றுதான்: யூதரல்லாத ஒருவர் கிறிஸ்தவத்தை ஏற்கும்போது, கத்னா முதலிய மூஸா (அலை) அவர்களின் சட்டங்களையும் மேற்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறார் பவுல். சட்டத்தின் செயல்களால் அன்று, நம்பிக்கையாலேயே மனிதன் இறைவன் முன் நேரியவன் ஆகிறான் என்பது அவரது வாதம். அதை நாம் ஏற்பவர் அல்லர். அது வேறு விவாதம். அவ்வாறு வாதாடியவர் இறுதி அதிகாரத்தில் விதைப்பையும் அறுப்பையும் பேசுவதே நம் கவனத்துக்குரியது. சட்டத்திலிருந்து விடுபட்டவன் மனம்போனபடி வாழலாம் என்று கேட்போர் எண்ணிவிடுவரோ என்னும் அச்சமே அவரை இவ்வுவமைக்கு இட்டுச் சென்றது எனத் தோன்றுகிறது.

உவமையில் ஒரு நுட்பம் உண்டு. நல்ல விதை, கெட்ட விதை என்று பவுல் இங்கே பிரிக்கவில்லை; நிலத்தையே பிரிக்கிறார். உடலின் இச்சை ஒரு நிலம்; அதில் இட்டவனுக்கு அழிவே விளைச்சல். ஆவி மற்றொரு நிலம். அதில் இட்டவனுக்கு முடிவற்ற வாழ்வு. ஒருவனிடமுள்ள பொருளும் பொழுதும் உழைப்பும் அவையேதாம்; அவற்றை எங்கே இடுகிறான் என்பதுதான் வினா. அறுவடையும் இவ்வுலகில் உடனே கண்டுவிடக் கூடியதன்று. ஆதலால் நன்மை செய்வதில் சோர்வு கூடாது என்று அடுத்து வலியுறுத்துகிறார்.

இந்த உவமைக்கு முந்தைய வரி என்ன தெரியுமா? கற்பிக்கும் ஆசிரியரோடு கற்போர் தம் நலன்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது. மார்ட்டின் லூதர் 1531இல் ஆற்றி 1535இல் அச்சான தம் விரிவுரையில், போதகர்களைப் பேணாத மக்களை நினைத்து இவ்விடத்தில் மனம் நொந்து பேசுகிறார். அரபுக் கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு அப்பகுதியைப் படிக்கையில் புன்முறுவல் வராமலிராது. கொரிந்தியருக்கான இரண்டாம் நிருபத்தில் இதே உவமையைப் பவுல் மீண்டும் எடுப்பதும் ஜெருசலத்து ஏழைகளுக்கு நிதி திரட்டும் சூழலில்தான். ஆக, கொடுக்க வேண்டிய கையை நோக்கிய பேச்சு இது. (காணிக்கையை விதையாகவும் உலக வளத்தை அதன் அறுவடையாகவும் கொள்ளும் போதனையை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் பரப்பினார். கிறிஸ்தவ அறிஞர் பலரே அதைக் கடுமையாக மறுத்துள்ளனர்.)

எதை எங்கே விதைக்கப் போகிறாய் என்று விதைப்பவனிடம் கேட்பது ஒன்று. விளைச்சலைப் பார்த்துவிட்டு, பிறன் எதை விதைத்திருப்பான் என்று பின்னோக்கி ஊகிப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதைச் செய்பவர் ஒருவரைப் பைபிளே காட்டுகிறது. பழைய ஏற்பாட்டில் யோபு, அதாவது அய்யூப் (அலை), மக்களை இழந்து, செல்வம் இழந்து, உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த எலிப்பாஸ், தீமையை உழுது விதைத்தோரே அதை அறுக்கக் கண்டிருப்பதாகப் பேசுகிறார். அதே உவமைதான், ஆனால் அது புண்ணில் இட்ட உப்பு. அந்நூலின் இறுதியில் இறைவனின் சினம் திரும்புவது யோபுவின் மீதன்று. எலிப்பாஸின் மீதும் அவருடைய இரு நண்பர்கள் மீதுமே. (திருக்குர்ஆன் அய்யூப் (அலை) அவர்களைக் குறிப்பிடும் இடங்களில் இந்த நண்பர்களின் வாதம் இடம்பெறவில்லை, அவருடைய முறையீடும் பொறுமையும் விடுதலையுமே உள்ளன.) சிலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று ஈசா (அலை) கூறியதாக லூக்கா நற்செய்தியும் பதிவு செய்கிறது.

இவ்வளவு தெளிவான எச்சரிக்கை இருந்தும் எலிப்பாஸின் வாதம் மறையவில்லை. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். லிஸ்பன் நகரத் தேவாலயங்களில் மக்கள் கூடியிருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது. பின் கடல் பொங்கியது. பின் தீ பரவியது. நகரம் அழிந்தது. இயேசு சபைத் துறவி கப்ரியேல் மலக்ரிதா 1756இல் ஒரு சிறுநூல் வெளியிட்டு, இயற்கைக் காரணங்கள் அல்ல, லிஸ்பனின் பாவங்களும் கேளிக்கைகளுமே இதற்குக் காரணம் என்றார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியும் இதைத் தெய்வத் தண்டனையாகவே கண்டார். ஆனால் அவர் சுட்டிய பாவம், அந்நகரின் கத்தோலிக்க விசாரணை மன்றம் சிந்திய இரத்தம். ஒரே இடிபாடு, ஒவ்வொருவரும் தாம் வெறுத்த விதையை அதில் கண்டெடுத்தனர். மலக்ரிதா நாடு கடத்துவது போல் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டார். பின்னர் வேறு குற்றச்சாட்டுகளும் சேர, 1761இல் அதே விசாரணை மன்றத்தின் தீர்ப்பால் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அவரும் விதைத்ததையே அறுத்தார் என்று சொல்ல நமக்கும் நா எழுகிறது. சொன்னால், எலிப்பாஸின் அருகில் நமக்கும் ஓர் இருக்கை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் அச்சத்தையும் ஆதரவையும் விளக்குமிடத்தில் இதே உழவனைக் கொண்டுவருகிறார். நல்ல நிலத்தில் நல்ல விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை நீக்கி, பின் இறையருளை எதிர்நோக்குவது 'ரஜா', அதாவது ஆதரவு. உவர் நிலத்தில் இட்டுவிட்டு, பேணாமல் அறுவடைக்குக் காத்திருப்பது 'குரூர்', அதாவது ஏமாற்றம். இமாமின் உழவன் முழுவதும் தன் நிலத்தையே பார்க்கிறான். உழைத்து முடித்த பின்பும் விளைச்சலைத் தன் உரிமையாக அவன் கருதுவதில்லை.

இதைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவர்தாம் நாம். ஆயினும் 2004 டிசம்பர் 26இல் நம் கடற்கரையைக் கடல் விழுங்கியபின் வந்த ஜும்ஆவில், இது நம் பாவங்களின் அறுவடை என்று முழங்கினோம். தொழுகை முடிந்ததும் ஒருவர் அருகில் வந்தார். "எம் புள்ளைக்கு நாலு வயசு ஹஜ்ரத், அது என்னத்த விதைச்சுச்சு?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதுகளில் ஒருவர் என்னும் நபிமொழியை அவ்வாண்டு ஹதீஸ் வகுப்பில் நாமே நடத்தியிருந்தோம். அன்று மிம்பரில் அது நம் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் அவர் இல்லம் தேடிச் சென்று அதைச் சொன்னோம்.