எழில் நிரல்மொழியும் லினக்ஸ் வழங்கல்களுக்கான பொதியாக்கமும்: ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதுவதற்கென உருவாக்கப்பட்ட எழில், மூலநிரல் அளவில் யாவர்க்கும் திறந்திருக்கும் மொழியாகும். எனினும் திறந்திருத்தல் வேறு. கைக்கு எட்டுதல் வேறு. ஒரு நிரல்மொழியைப் பல்வேறு லினக்ஸ் வழங்கல்களுக்கு உரிய பொதியாக மாற்றும் பணியின் படிநிலைகளையும், அப்பணியில் தமிழ் எழுத்துமுறை எழுப்பும் தனிச்சிக்கல்களையும் எழிலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பொதியாக்கம் மொழி வடிவமைப்பு முடிந்தபின் செய்யப்படும் சிறு வேலை அன்று. அம்மொழியின் ஆயுளை முடிவுசெய்யும் தொடர்பணி என்பது இதன்வழிப் பெறப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: எழில், நிரல்மொழி, பொதியாக்கம், டெபியன், ஃபெடோரா, ஒருங்குறி, கட்டற்ற மென்பொருள்

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திற்கு மேற்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் வேப்பூர். இத்தகைய ஊர்களின் மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு லினக்ஸ் புதியது அன்று. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த பதினோராம் வகுப்புப் பாடநூல் உபுண்டு இயங்குதளத்தை அறிமுகப்படுத்துகிறது. அவ்வகுப்பில் சி++ மொழியும், அடுத்த வகுப்பில் பைத்தானும் பயிற்றுவிக்கப்படுகின்றன.

அப்பள்ளிகளில் பயிலும் ஒரு மாணவி, கட்டளைச் சொற்கள் தமிழிலேயே அமைந்த நிரல்மொழி ஒன்று உண்டெனக் கேள்வியுற்று, அதைப் பள்ளிக் கணினியில் நிறுவ விரும்புகிறாள் எனக் கொள்வோம். ஒரே கட்டளையில் அது நிறுவப்படுமா, பாதி வழியில் பிழைச்செய்தியோடு நின்றுவிடுமா என்பது அம்மொழியின் இலக்கணத்தைப் பொறுத்ததன்று. அது எவ்வாறு பொதியாக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. இவ்வினாவே இக்கட்டுரையின் களம்.

1. எழில்: அமைப்பும் சார்புகளும்

எழில் மொழியின் உருவாக்கத்தை முத்தையா அண்ணாமலை 2007ஆம் ஆண்டு தொடங்கினார். 2009இல் அதனைப் பற்றிய ஆய்வுரை இணையத்தில் வெளியானது. 2013இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டில் தொடக்கநிலைக் கணினிக் கல்விக்குரிய மொழியாக எழில் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டில் அவரும் என். சொக்கனும் இணைந்து எழுதிய 'தமிழில் நிரல் எழுது' என்னும் நூல் வெளிவந்தது.

'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'வரை', 'நிரல்பாகம்', 'பின்கொடு', 'முடி' என்பன எழிலின் கட்டளைச் சொற்களுள் சில. நிபந்தனை முதலிலும் 'ஆனால்' என்னும் சொல் அதன் பின்னரும் வருதல் இம்மொழியின் சிறப்பியல்பு. ஆங்கிலச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைப் பெய்து அமைத்ததாக அன்றி, தமிழ்த் தொடரமைப்பின் போக்கைத் தழுவியதாக அது அமைந்துள்ளது.

பொதியாக்க நோக்கில் மூன்று செய்திகள் முதன்மையானவை. முதலாவது, எழிலின் இயக்கி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. இரண்டாவது, தமிழ் எழுத்துகளைப் பகுத்தறிய அது 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரலகத்தைச் சார்ந்துள்ளது. மூன்றாவது, எழில் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தையும் ஓப்பன் தமிழ் எம்ஐடி உரிமத்தையும் கொண்டவை. ஆகவே எழிலைப் பொதியாக்குபவர் உண்மையில் இரண்டு பொதிகளை உருவாக்குதல் வேண்டும். ஓப்பன் தமிழ் களஞ்சியத்தில் இடம்பெறாதவரை எழில் அங்கு நுழைய இயலாது.

2. பொதி என்பது யாது?

பொதி என்பது மென்பொருளின் கோப்புகளோடு, அவை எங்கு நிறுவப்பட வேண்டும், வேறு எவற்றைச் சார்ந்துள்ளன, எவ்வுரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றன, யார் பராமரிக்கிறார் என்னும் விவரங்களையும் ஒருங்கே கொண்ட தொகுப்பாகும். வழங்கல் என்பது இத்தகைய பல்லாயிரம் பொதிகளைத் தம்முள் முரணாதவாறு இணைத்துத் தரும் இயங்குதளத் தொகுப்பு.

பைத்தான் மென்பொருள்களுக்கெனப் 'பைபை' என்னும் பொதுத் தொகுப்பகம் உள்ளது. எழிலும் ஓப்பன் தமிழும் அதில் கிடைக்கின்றன. 'பிப்' என்னும் கருவி அவற்றை இறக்கி நிறுவும். அவ்வாறாயின் வழங்கலுக்கென்று தனிப்பொதி எதற்கு என்னும் ஐயம் எழலாம். 2023 ஜூன் மாதம் வெளிவந்த டெபியன் 12 இதற்கு விடை தந்தது. இயங்குதளத்தின் பைத்தான் சூழலுக்குள் 'பிப்' நேரடியாக எதையும் நிறுவுவதை அப்பதிப்பு முதல் டெபியன் தடுக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 23.04 பதிப்பும் அவ்வாறே. இயங்குதளக் கருவிகளே பைத்தானைச் சார்ந்திருப்பதால், வெளியிலிருந்து வரும் நிரலகம் அவற்றைப் பழுதாக்காமல் காப்பதே இதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆயினும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றும் மாணவிக்குக் கிடைப்பது பிழைச்செய்தி மட்டுமே. மெய்நிகர்ச் சூழல் அமைத்து இதனைக் கடக்கலாம்; டெபியனிலும் உபுண்டுவிலும் அதற்கும் ஒரு தனிப்பொதியை முன்னரே நிறுவ வேண்டும். அதனை நிறுவுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல் மாணவர் கையில் இருப்பதில்லை. களஞ்சியப் பொதியாயின் ஆசிரியர் ஒருமுறை நிறுவினால் அக்கணினியின் பயனர் அனைவர்க்கும் அது கிட்டும்.

3. வழங்கல் குடும்பங்களும் வாயில்களும்

ஒரே மூலநிரல் ஒவ்வொரு வழங்கலிலும் வெவ்வேறு செய்முறைக் கோப்பையும் நுழைவு விதியையும் எதிர்கொள்கிறது.

| குடும்பம் | பொதி வடிவம் | செய்முறைக் கோப்பு | நுழைவு முறை |
|---|---|---|---|
| டெபியன், உபுண்டு | டெப் | 'கண்ட்ரோல்', 'ரூல்ஸ்' முதலிய கோப்புகள் | அறிவிப்பு, ஆதரவாளரின் பதிவேற்றம், உரிமச் சோதனை |
| ஃபெடோரா | ஆர்பிஎம் | 'ஸ்பெக்' கோப்பு | பொது மதிப்பாய்வு, புதியவர்க்கு ஆதரவாளர் |
| ஓப்பன்சூசே | ஆர்பிஎம் | 'ஸ்பெக்' கோப்பு | ஓப்பன் பில்டு சேவைவழி மதிப்பாய்வு |
| ஆர்ச் | ஆர்ச் பொதி | 'பிகேஜிபில்டு' கோப்பு | பயனர் களஞ்சியத்தில் முன்மதிப்பாய்வின்றி |

டெபியனில், பொதியாக்க விரும்புபவர் தம் நோக்கத்தை முதலில் அறிவிக்கிறார். பின்னர்ப் பொதியை உருவாக்கி, பதிவேற்ற உரிமை பெற்ற ஓர் உறுப்பினரின் ஆதரவை நாடுகிறார். பதிவேறிய புதிய பொதி ஒரு வரிசையில் காத்திருக்க, களஞ்சியப் பொறுப்பாளர்கள் அதன் உரிமங்களை ஆராய்கின்றனர். நிரலுக்கு ஓர் உரிமமும் உடனுள்ள படம், எடுத்துக்காட்டு, பாடநூற்பகுதி ஆகியவற்றுக்கு வேறோர் உரிமமும் இருப்பின், அவை அனைத்தும் 'காப்பிரைட்' கோப்பில் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். கல்விக்கென உருவாகும் மொழிகள் பாடப்பொருள்களையும் உடன் சுமந்து வருவதால், இப்படி அவற்றுக்குச் சற்றே கடினமானது.

சார்புகளின் பெயர்களும் ஒத்திருப்பதில்லை. எழிலுக்கென உருவான 'எழுதி' என்னும் திருத்தி ஜிடிகே வரைகலைக் கருவித்தொகுப்பைப் பயன்படுத்துகிறது. அதற்கான பைத்தான் இணைப்பு டெபியனில் 'பைத்தான்3-ஜிஐ' எனவும் ஃபெடோராவில் 'பைத்தான்3-ஜிஆப்ஜெக்ட்' எனவும் வழங்கும். 'லோகித்' தமிழ் எழுத்துருவின் பொதிப்பெயர் டெபியனில் 'ஃபாண்ட்ஸ்' என்று தொடங்குகிறது. ஃபெடோராவில் அச்சொல்லால் முடிகிறது. இவ்வேறுபாடுகளைத் தானியங்கிக் கருவிகள் ஓரளவே தீர்க்கும்; எஞ்சியவற்றை மனிதரே சரிபார்த்தாக வேண்டும்.

4. தமிழ் எழுத்துமுறை எழுப்பும் சிக்கல்கள்

மேற்கூறியவை எந்தச் சிறுமொழிக்கும் பொதுவானவை. தமிழ்மொழிவழி நிரலாக்கத்திற்கே உரிய சிக்கல்கள் நான்கு.

4.1 பெயர்: டெபியன் கொள்கையின்படி பொதியின் பெயரில் இலத்தீன் சிற்றெழுத்து, எண், கூட்டல் குறி, இணைப்புக்கோடு, புள்ளி ஆகியவை மட்டுமே இடம்பெறலாம். பொதுக் கட்டளைக் கோப்புறைகளில் நிறுவப்படும் கோப்புகளின் பெயர்களும் ஆஸ்கி எழுத்துகளிலேயே அமைதல் வேண்டும். எனவே தமிழில் நிரல் எழுதும் மொழியின் பெயரையே களஞ்சியத்தில் தமிழில் எழுத இயலாது. எழில் நிரல்களின் கோப்பு நீட்டிப்பும் 'என்' என்னும் ஓர் இலத்தீன் எழுத்தே. ஆயினும் பொதியின் விளக்கக் குறிப்பு எம்மொழியிலும் அமையலாம். டெபியனில் அதற்கென மொழிபெயர்ப்புத் திட்டமும் உள்ளது. பொதியாக்குபவர் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தினால் பெயரில் இழந்ததை விளக்கத்தில் ஓரளவு மீட்கலாம்.

4.2 கட்டமைப்புச் சூழல்: பொதிகளைக் கட்டும் சேவையகங்களில் பயனர்க்குரிய மொழி அமைப்பு இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. பைத்தான் 3.7 பதிப்புக்கு முன்னர், 'சி' எனப்படும் அடிப்படை மொழிச் சூழலில் உரைக்கோப்புகள் ஆஸ்கியாகவே படிக்கப்பட்டன. தமிழ் எழுத்து ஒன்று வந்தவுடன் சோதனை முறிந்துவிடும். 2018இல் வெளிவந்த 3.7 பதிப்பு அச்சூழலில் யுடிஎஃப்-8 குறியேற்றத்தை மேற்கொண்டு இடரைக் குறைத்தது. எனினும் கோப்பைத் திறக்கும் ஒவ்வோரிடத்திலும் குறியேற்றத்தை வெளிப்படையாகக் குறித்தலும், 'ரூல்ஸ்' கோப்பில் யுடிஎஃப்-8 சூழலை அமைத்தலும் பாதுகாப்பானவை. உருவாக்குநரின் கணினியில் இயங்குவது சேவையகத்தில் முறிவதற்கு இதுவே பல வேளைகளில் காரணம்.

4.3 இரட்டைக் குறியேற்றம்: ஒருங்குறியில் 'கொ' என்பதை, ஒகரக் குறியை ஒரே குறியீடாகக் கொண்டும் எழுதலாம், எகரக் குறி, கால் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். இவ்விரண்டும் நிகரானவை என ஒருங்குறித் தரம் வரையறுக்கிறது. கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் குறியீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் நிரலுக்கு அவை இருவேறு சொற்கள். எழிலின் 'பின்கொடு' என்னும் கட்டளையிலேயே இவ்வெழுத்து உள்ளமை கருதத்தக்கது. ஆகவே பொதியோடு இணைக்கப்படும் சோதனைத் தொகுப்பில் இருவடிவங்களும் இடம்பெறுதல் இன்றியமையாதது.

4.4 காட்சியும் உள்ளீடும்: முனைய நிரல்கள் பல, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்னும் கணக்கில் இயங்குகின்றன. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு இடப்புறம் அமைய வேண்டியிருக்க, சில முனையங்கள் அவற்றைப் பிரித்து வலப்புறத்தில் காட்டுகின்றன. நிரல் சரியாக இருந்தும் தொடக்கநிலை மாணவர் தாமே பிழை செய்ததாக எண்ணக்கூடும். தமிழ் எழுத்துருவைக் கட்டாயச் சார்பாகவும், தமிழ் 99 முதலிய தட்டச்சு முறைகளைத் தரும் உள்ளீட்டுப் பொதியைப் பரிந்துரைச் சார்பாகவும் குறித்தால், நிறுவும்போதே இக்குறைகள் பெரிதும் தீரும். 'பிப்' வழி நிறுவும்போது எழுத்துருவோ உள்ளீட்டுமுறையோ உடன் வருவதில்லை. வழங்கல் பொதி தரும் தனிப்பயன் இதுவே.

5. பராமரிப்பு

பொதி ஒருமுறை நுழைந்துவிட்டால் பணி முடிந்தது எனக் கருதுவது பிழை. ஃபெடோராவின் ஒரு பதிப்பு ஏறத்தாழ 13 மாதங்களே பேணப்படுகிறது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து ஐந்து ஆண்டுகள் பேணப்படுகிறது. ஆர்ச் இடையறாது மாறிக்கொண்டே இருப்பது. இம்மூன்றிலும் ஒரே வேளையில் மூன்று வேறு பைத்தான் பதிப்புகள் இருத்தல் இயல்பு.

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. அதனின்று மாறாத பொதிகள் படிப்படியாகக் களஞ்சியங்களிலிருந்து நீக்கப்பட்டன. 2023 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.12 பதிப்பில் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் பழைய நிறுவுதல் கூறு கைவிடப்பட்டது. நெடுங்காலம் திருத்தப்படாத நிறுவுதல் கோப்புகளை உடைய மென்பொருள்கள் இதனால் கட்டமைப்பு நிலையிலேயே முறியக்கூடியவை ஆயின. பெருமொழிகளில் இத்தகைய முறிவைச் சில நாள்களில் எவரேனும் சீர்செய்துவிடுவர். பயனர் குறைந்த மொழியில் பொதியின் பராமரிப்பாளர் விலகினால், அது ஓசையின்றி அடுத்த பதிப்பிலிருந்து மறைந்துபோகும். டெபியனில் பொதியோடு தானியங்கிச் சோதனைகளையும் இணைக்கும் வசதி உண்டு. சார்பு ஒன்று மாறும்போதெல்லாம் அவை மீள இயக்கப்படுவதால், முறிவு பயனரை எட்டுமுன் பராமரிப்பாளரை எட்டுகிறது.

6. எங்கிருந்து தொடங்குவது?

ஆள்வலிமை குறைந்த மொழித்திட்டம் எல்லா வழங்கல்களிலும் ஒருங்கே நுழைய முயல்வது பயன்தராது. பாசன மரபில் தலைமடையில் திறந்த நீரே கடைமடைக்கு வரும். லினக்ஸ் உலகில் டெபியன் அத்தகைய தலைமடை. உபுண்டு தன் பொதிகளுள் பெரும்பகுதியை டெபியனிலிருந்தே பெறுகிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அறிமுகமான இரு வழங்கல்களுக்கும் டெபியனே மூலமாதலால், அங்குச் செய்யும் ஒரு பணி இரண்டிடங்களுக்கும் பாயத் தகுந்தது.

காத்திருப்புக் காலத்தில் இடைக்கால வழிகளும் உள. ஓப்பன் பில்டு சேவை, ஒரே இடத்திலிருந்து டெப், ஆர்பிஎம் ஆகிய இருவகைப் பொதிகளையும் பல வழங்கல்களுக்குக் கட்டித் தரும். ஆப்இமேஜ் வடிவம் சார்புகளையும் தன்னுள் அடக்கிய ஒற்றைக் கோப்பு. இணைய இணைப்பு நிலையற்ற கணினியறைக்கு அதனை விரலியில் எடுத்துச் செல்லலாம். கோப்பின் பருமனும், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்துசேராமையும் அதன் குறைகள். ஆகவே இவை களஞ்சியப் பொதிக்குத் துணையாவன, மாற்றாக மாட்டா.

முடிவுரை

எழிலின் மூலநிரல் திறந்துள்ளது, உரிமம் தடையற்றது, நூலும் உள்ளது. எஞ்சுவது, அதனை வழங்கல்களின் விதிகளுக்கேற்பப் பொதிந்து, பைத்தான் மாறுந்தோறும் சீர்செய்து, தமிழ் எழுத்துமுறைக்குரிய சோதனைகளோடு பேணும் பணி. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை, தொடர்ச்சி தேவை. ஆய்வேடாகவோ மாநாட்டுக் கட்டுரையாகவோ முடிந்துவிடும் தமிழ்க் கணிமை முயற்சிகளுக்கு இல்லாதுபோவது பெரும்பாலும் அத்தொடர்ச்சியே. கல்லூரிகளின் கணினித்துறையும் தமிழ்த்துறையும் இணைந்து ஒரு பொதியின் பராமரிப்பை ஏற்கலாம். குறியேற்றச் சோதனைகளை அமைத்தல், விளக்கக் குறிப்பைத் தமிழாக்குதல், உரிமங்களைச் சரிபார்த்தல் ஆகியவை முதுநிலை மாணவர் செய்திட்டத்திற்கு முற்றிலும் உகந்தவை. அப்பணி ஆய்வுப்பணியாக மதிப்பிடப்படும் நாளில்தான், வேப்பூர் மாணவி இடும் ஒற்றைக் கட்டளைக்கு எழில் விடையளிக்கும்.