பழி மட்டும் அம்மாவுக்கு

அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையிலேயே பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுப் போவார்கள். அங்கே ஒரு பையன், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல் போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூடியை நகர்த்தினால் அலறல். லயத்தில் காரணம் உடனே கிடைத்துவிடும்: "தாய் விட்டுட்டு வெளிநாடு போனதால வந்தது." போகாத தாயென்றால் இருக்கவே இருக்கிறது போன், தடுப்பூசி, காத்து கருப்பு.

தாயைக் குற்றம் சொல்வது படித்தவர்களும் செய்த வேலைதான். 1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பார்த்து, அந்தப் பையனிடம் காணும் இந்த நிலையை, ஓட்டிசத்தை, விவரித்தார். பின்னர் சிக்காகோவில் புரூனோ பெத்தல்ஹைம் போன்றோர், அன்பில்லாத 'குளிர்சாதனப் பெட்டித் தாய்'தான் காரணம் என்று பரப்பினார்கள். எத்தனை தாய்மார் அதை நம்பி அழுதிருப்பார்கள்!

1977இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் நான்கில் இருவருக்குமே ஓட்டிசம். தனித்தனிக் கருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. ஒரே வீடு, ஒரே தாய், வேறுபட்டது மரபணு. ஐந்து நாடுகளில் 20 இலட்சம் பிள்ளைகளை வைத்து 2019இல் வந்த ஆய்வும், ஓட்டிசம் ஏற்படும் வாய்ப்பில் சுமார் 80 சதவீதம் மரபு சார்ந்தது என்றது. ஒரு மரபணு அல்ல, பல. தந்தையின் கூடிய வயது, மிகக் குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் எடுக்கும் வல்புரோயேட் என்ற வலிப்பு மருந்து ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

தடுப்பூசிக் கதை 1998இல் வேக்ஃபீல்ட் 12 பிள்ளைகளை வைத்து, எம்எம்ஆர் ஊசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010இல் லான்செட் இதழ் அதை விலக்கிக்கொண்டது. நம் நாட்டுச் சான்றே போதும். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் கண்டது 2009இல் வெளியானது. எம்எம்ஆர் ஊசி இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணைக்கு வந்ததோ 2011இல்! கர்ப்பத்தில் தொற்றும் ருபெல்லா ஓட்டிச வாய்ப்பைக் கூட்டும். அந்த ருபெல்லாவைத் தடுப்பதும் இதே ஊசிதான்.

ஒரு வயதில் கூப்பிட்டும் திரும்பவில்லையா? ஒன்றரை வயதில் விரலால் எதையும் சுட்டவில்லையா? கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் அம்மாவிடம் போங்கள். நூல் கட்டுவதானால் பிறகு கட்டிக்கொள்ளலாம்.