கடைசி வரியில் ஒரு 'க்ளோஸ்'

பிஎச்பி கற்ற யாரும் இந்த வரியை எழுதாமல் இருந்திருக்க மாட்டார்கள். தரவுத்தளத்தைத் திறந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கி, பக்கத்தைக் காட்டிவிட்டு, கோப்பின் அடியில் ஒரு 'க்ளோஸ்'. வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் அந்த வரிக்குப் பெரும்பாலும் வேலையே கிடையாது. ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் சாதாரண இணைப்புகளை பிஎச்பி தானே மூடிவிடும்.

பிறகு எதற்கு மூடுவது? மறுமுனையில் இருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் படும் பாட்டைப் பார்த்தால் புரியும். ஒவ்வோர் இணைப்புக்கும் அது கடவுச்சொல்லைச் சரிபார்த்து, ஒரு த்ரெட்டையும் கொஞ்சம் நினைவகத்தையும் ஒதுக்குகிறது. யாரும் அமைப்பை மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 151 இணைப்புகள்தான். கூடவே நிர்வாகி அவசரத்துக்கு நுழைய இன்னொன்று. அதற்கு மேல் வருகிறவருக்கு 1040 என்ற பிழை எண்ணைக் காட்டிக் கதவைச் சாத்திவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் இன்னும் கறார்: வழக்கமான வரம்பு 100. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அங்கே தனி பிராசஸே ஓடுகிறது.

ஓர் ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டரைப் பதிய 20 மில்லிவினாடி. பிறகு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப 4 வினாடி. வினாடிக்கு 50 பேர் வருகிறார்கள், வெப் சர்வரும் அத்தனை பேரையும் ஏற்கிறது. இணைப்பைக் கடைசி வரி வரை பிடித்துவைத்தால் ஒரே நேரத்தில் சுமார் 200 இணைப்புகள் தேவைப்படும்; 151-ஐத் தாண்டியாயிற்று. மின்னஞ்சலுக்கு முன்பே மூடினால் சராசரியாக ஒன்றே ஒன்று! ஆக, க்ளோஸ் இருக்கிறதா என்பதைவிட அது எந்த வரியில் இருக்கிறது என்பதே கேள்வி.

பின்னணியில் நாள் முழுக்க ஓடும் ஸ்கிரிப்டுகளின் கதை வேறு. 'முடிந்ததும் மூடிக்கொள்ளும்' என்ற சலுகை அவற்றுக்கு உதவாது; அவை முடிவதே இல்லையே. மைஎஸ்கியூஎல்லின் பிராசஸ் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அவை மூடாமல் விட்ட இணைப்புகளுக்கு எதிரே 'ஸ்லீப்' என்ற சொல் வரிசையாகத் தொங்கும். சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் தானாகத் துண்டிக்க, வழக்கமான அமைப்பில் 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம் ஆகும்.

தரவுத்தளத்தோடு பேச பிஎச்பியின் பிடிஓவைப் பயன்படுத்துகிறவர்கள் க்ளோஸ் கட்டளையைத் தேடிக் களைத்திருப்பார்கள். அப்படி ஒன்று அதில் இல்லை. இணைப்பு இருக்கும் மாறியில் 'நல்' என்று வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த இணைப்பில் தயாரித்த ஸ்டேட்மென்ட் வேறொரு மாறியில் உயிரோடு இருந்தால், இணைப்பும் மூடாது. பலர் வழுக்கி விழுவது இங்கேதான்.