கோலத்தைக் கொத்தும், தொட்டியைத் தோண்டும், கட்டிலுக்கு அடியில முட்டையிடும்... உங்க வீட்டுக் கோழி ஏன் இவ்ளோ சேட்டை பண்ணுது?

வாசல் பெருக்கி, அரிசி மாவுல கோலம் போட்டு நிமிர்றதுக்குள்ள ஒருத்தி வந்து நடுப்புள்ளியைக் கொத்திட்டு நிப்பா. இன்னொருத்தி, நேத்து நட்டு வெச்ச ரோஜாச் செடியோட வேரைத் தோண்டிட்டு இருப்பா. மூணாவது ஆளைக் காணோமேனு தேடினா, துவைச்சு மடிச்சு வெச்ச துணி மேல சாவகாசமா உட்கார்ந்திருப்பா. வில்லியனூர், பாகூர் பக்கம் நாலு கோழி வளர்க்கிற வீட்டுல இதெல்லாம் தினசரி பஞ்சாயத்து.

துடைப்பத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! நாம சேட்டைனு சொல்ற பல விஷயம், கோழியைப் பொறுத்தவரைக்கும் அன்றாட வேலை. அந்த வேலையெல்லாம் என்னன்னு தெரிஞ்சு வெச்சிருந்தாத்தான், அது நிக்கிற அன்னைக்கு உங்களால கண்டுபிடிக்க முடியும். சில நேரம் கோழியோட உயிரே அதுலதான் இருக்கு.

தீனி போட்டாலும் ஏன் கிளறுது?

நம்ம வீட்டுக் கோழியோட மூதாதை, தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசியக் காடுகள்ல வாழ்ற சிவப்புக் காட்டுக்கோழி. காட்டுல யாரும் கிண்ணத்துல தீனி வைக்க மாட்டாங்க. சருகைக் கிளறினாத்தான் புழு, விதை, கரையான் கிடைக்கும். அந்தப் பழக்கம் இன்னும் காலை விட்டுப் போகல. கிண்ணம் நிறைய குருணை இருந்தாலும், காலால நாலு தடவை பறிச்சுப் பார்த்தாத்தான் அதுக்குத் திருப்தி.

சின்னச் சின்னக் கல்லை விழுங்குறதும் கிறுக்குத்தனம் இல்ல. கோழிக்குப் பல் கிடையாது. வயித்துக்குள்ள இருக்கிற அரைவைப் பையிலதான் தானியம் அரைபடும். அம்மிக்குக் குழவி மாதிரி அதுக்கு அந்தக் கல்.

சுவத்துச் சுண்ணாம்பைக் கொத்துதா? அப்போ கால்சியம் போதலையான்னு யோசிக்கணும். ஒரு முட்டை ஓட்டுல மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கு. போதுமான அளவு கிடைக்கலைன்னா ஓடு மெலிசாகும், சீக்கிரம் உடையும். உடைஞ்சதை ருசி பார்த்த கோழி, அப்புறம் முட்டையைக் குடிக்கவே பழகிடும். கிளிஞ்சல் தூளைத் தனியா ஒரு சட்டியில வெச்சுப் பாருங்க. தேவையான அளவு அதுவே எடுத்துக்கும்.

தொட்டி மண்ணுல என்ன குளியல்?

செடித் தொட்டிக்குள்ள படுத்து, இறக்கையை விரிச்சு, மண்ணை வாரி மேல போட்டுக்கிட்டு, கண்ணை மூடிக் கிடக்குற கோழியைப் பார்த்துப் பதறியிருக்கீங்களா? அது வலிப்பு இல்ல. புழுதிக் குளியல். இறகுல சேர்ற பழைய எண்ணெய்ப் பசையை உலர்ந்த மண்ணு உறிஞ்சிடும். பேன், செள்ளு தொல்லையும் குறையும். நமக்கு ஷாம்பூ மாதிரி!

செடியைக் காப்பாத்தணும்னா கோழிக்குத் தனி பாத்ரூம் கட்டிக் கொடுத்துடுங்க. மழை படாத ஒரு மூலையில காய்ஞ்ச மணலும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் கொட்டினா போதும். மண்பாண்டத்துக்குப் பேர் போன வில்லியனூர்ல அகலமான பழைய மண்தொட்டி கிடைக்காமலா போகும்?

முட்டையை ஒளிச்சு வைக்கிறது ஏன்?

கூடையும் வைக்கோலும் போட்டு இடம் ரெடி பண்ணிக் கொடுத்திருப்பீங்க. மேடம் அதை விட்டுட்டு கட்டிலுக்கு அடியிலயோ, வைக்கோல் போர் இடுக்குலயோ முட்டையிட்டு வெச்சிருப்பாங்க. காட்டுக்கோழி புதர் மறைவுலதான் முட்டையிடும். வெளிச்சமான, ஆள் நடமாடுற இடத்துல இட்டா பாம்பும் கீரியும் விடுமா? அதனால இருட்டும் மறைவும் இருக்கிற இடமாப் பார்த்துக் கூடையை வைங்க. இருக்கிற முட்டை எல்லாத்தையும் எடுத்துடாம, பென்சிலால அடையாளம் போட்டு ஒண்ணை மட்டும் அங்கயே விட்டு வைங்க. 'இது பாதுகாப்பான இடம்'னு கோழி நம்பும்.

நேத்து காலையில இட்டுச்சு, இன்னைக்கு மதியம் ஆயிடுச்சேனு குழம்ப வேண்டாம். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதனால நேரம் தள்ளிக்கிட்டே போகும். ரொம்பத் தள்ளிப்போனா ஒருநாள் லீவு!

இட்டு முடிச்சதும் ஊரையே கூட்டுற மாதிரி கொக்கரிக்குதே? தனியா ஒதுங்கி இருந்த கோழி, தன் கூட்டம் எங்க இருக்குனு தேடிக் கூப்பிடுற சத்தம்னு ஒரு விளக்கம் உண்டு. எதிரியோட கவனத்தைக் கூட்டை விட்டுத் திருப்பத்தான் கத்துதுன்னும் சொல்றாங்க.

அடைக்கோழிக்கு ஏன் அவ்ளோ கோபம்?

மடியில தூங்குற அளவுக்குப் பழகின கோழி, திடீர்னு ஒருநாள் உடம்பை உப்பிக்கிட்டு, கையை நீட்டினா கொத்தும். அடை படுத்தாச்சுனு அர்த்தம். புரோலாக்டின்ங்கிற ஹார்மோன் செய்யுற வேலை இது. 21 நாள் முட்டைக்குச் சூடு கொடுக்கணும், அப்பப்போ உருட்டி விடணும். சாப்பாடே அதுக்கு ரெண்டாம்பட்சம்.

குஞ்சு வேணாம்னா, அடை தெளிய வைக்கிறேன்னு சிலர் கோழியைத் தண்ணியில முக்குவாங்க, மூக்குத் துவாரத்துல இறகைச் செருகுவாங்க. தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க. ஏற்கெனவே அரைவயித்துல கிடக்கிற கோழிக்கு அது வெறும் சித்ரவதை. அடியில காத்துப் புகுற கம்பிக் கூண்டுல, வைக்கோல் இல்லாம, தீனியும் தண்ணியும் வெச்சு சில நாள் விடுங்க. வயித்துச் சூடு தணிஞ்சா அடையும் தெளிஞ்சிடும்.

ஏன் ஒண்ணு மத்ததைக் கொத்துது?

கோழிக்கூட்டத்துல சீனியர், ஜூனியர் உண்டு. யார் யாரைக் கொத்தலாம், யார் முதல்ல தின்னலாம்னு எல்லாத்துக்கும் வரிசை இருக்கு. நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டரூப் எபே சின்னப் பையனா இருந்தப்பவே வீட்டுக் கோழிகளைக் கவனிச்சுக் குறிப்பெடுத்தவர். 1920-களின் தொடக்கத்துல இந்தக் 'கொத்தல் வரிசை'யை உலகத்துக்குச் சொன்னதும் அவர்தான். விடிகாலையில கூவுறதுக்கும் வரிசை உண்டு. முதல்ல கூவுறது கூட்டத்தோட பெரிய தலைதான், மத்த சேவல்கள் அதுக்குப் பின்னாடிதான்னு ஜப்பான் ஆய்வாளர்கள் 2015-ல சொன்னாங்க.

புதுக்கோழி வந்தா இந்த வரிசை கலையும், சண்டை வரும். மதகடிப்பட்டு சந்தையில ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்த கோழியை நேரா கூட்டத்துல விடாதீங்க. ரெண்டு வாரமாவது தனியா வைங்க. சண்டையை விட முக்கியமான காரணமும் இதுக்கு இருக்கு.

சேட்டை நின்னா உஷார்!

அந்தக் காரணம், வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய்னும் சொல்வாங்க. இன்னைக்கு உத்தரகாண்ட்ல இருக்கிற ராணிக்கெட்தான் இந்தப் பேருக்குக் காரணம். புதுக்கோழி வழியாவும் இது வரலாம். வந்துட்டா குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கூட்டத்துல புகுந்தா, சில நாள்லயே கூடு காலியாகிடும்.

நேத்து வரைக்கும் கோலத்தைக் கொத்தினவ, இன்னைக்கு மூலையில இறக்கையைத் தொங்கப் போட்டுக் கண்ணை மூடி நிக்கிறான்னா, 'அப்பாடா, சேட்டை குறைஞ்சுது'னு விட்டுடாதீங்க. கழிச்சல் வெள்ளையாவோ பச்சையாவோ இருக்கா, வாயைத் திறந்து மூச்சு வாங்குதா, கழுத்து திருகுதா, கால் இழுக்குதானு பாருங்க. ஒண்ணு இருந்தாலும் உடனே அதைத் தனியா பிரிச்சுட்டு, பக்கத்துல இருக்கிற அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. குரும்பாப்பேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கு.

சிலர், 'மிச்சமாவது காசாகட்டும்'னு மத்த கோழிகளை அவசரமா வித்துடுவாங்க. அதுல நோய்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். செத்த கோழியை ஏரியிலயோ வாய்க்கால்லயோ வீசினாலும் அதே கதைதான். ஆழமா குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைங்க.

தடுப்பூசி பெரிய செலவு இல்ல. பொதுவா குஞ்சு பொரிச்ச முதல் வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து, 8 வாரம் வாக்குல ஊசி. உங்க கோழிகளோட வயசுக்கு எது, எப்போனு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. ஆரோக்கியமா இருக்கிறப்பதான் போடணும், நோய் வந்த பிறகு போட்டுப் பலன் இல்ல.

இன்னைக்குச் சாயங்காலம் பஞ்சாரத்துல கவிழ்க்கிறப்போ, எண்ணிக்கையோட நிறுத்தாம ஒவ்வொண்ணையும் ஒரு பார்வை பாருங்க. யார் கொத்துறா, யார் ஓடுறா, யார் பிடிக்கவே விடாம போக்குக் காட்டுறானு கவனிங்க. அவங்களைப் பத்திக் கவலை இல்ல. பிடிச்சதும் சத்தமே இல்லாம கையில அடங்குற கோழியை மட்டும் கொஞ்சம் தனியா வெச்சுப் பாருங்க.