கம்பியை உதை... பாலத்தில் உட்கார்!

பீச் ரோடு முடியற இடத்தில் ஒரு இரும்புக் கம்பி. வாக்கிங் வர்ற ஸ்டூடன்ட்ஸ் அதை ஒரு உதை உதைச்சுட்டுத்தான் திரும்புவாங்க. ஏன்னு கேட்டா ஆளுக்கொரு கதை! வேல்ஸின் மேற்குக் கரையில் இருக்கற அபெரிஸ்ட்வித் ஊரின் வழக்கம் இது.

கம்பிக்குப் பக்கத்திலேயே கான்ஸ்டிட்யூஷன் ஹில். 1896-ல் போட்ட கேபிள் ரயிலில் ஏறினா மொத்த ஊரும் காலடியில்! இறங்கி, கடலோரமாவே தெற்கே நடங்க.

முதல்ல ஓல்டு காலேஜ். ஹோட்டலுக்காகக் கட்டின கட்டடம். ஓனர் திவாலாக, 1872-ல் 26 மாணவர்களோட காலேஜ் ஆச்சு. அரசாங்கம் கைகொடுக்காத அந்த ஆரம்ப வருஷங்களில், சாதாரண ஜனங்க கொடுத்த சில்லறைதான் அதைக் காப்பாத்துச்சு.

அடுத்து கோட்டை. 1277-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் கட்ட ஆரம்பிச்சது. 1404-ல் வேல்ஸ் வீரர் ஓவைன் க்ளின்டூர் பிடிச்சார். 1649-ல் இங்கிலாந்து நாடாளுமன்றப் படை தகர்த்தது. மிச்சம்... உடைஞ்ச கோபுரங்களும் புல்வெளியும்.

இன்னும் கொஞ்சம் நடந்தா ட்ரெவெகன் பாலம். பார்க்க சாதாரணம்தான். ஆனா, மேட்டர் பெருசு!

1962-ல் சைக்கிள் பாரில் ஃப்ரெண்டை உட்காரவெச்சு டபுள்ஸ் போன ஒரு இளைஞருக்கு கோர்ட் சம்மன் வந்தது. ஆங்கிலத்தில் மட்டும்! 'வெல்ஷ் மொழியில் குடுங்க'ன்னு மறுத்தவருக்கு ஒரு ராத்திரி லாக்கப். 1963 பிப்ரவரி 2... அபெரிஸ்ட்வித், பேங்கர் மாணவர்கள் போஸ்ட் ஆபீஸ் சுவரில் போஸ்டரா ஒட்டித் தள்ளினாங்க. அரெஸ்ட் பண்ணுவாங்கன்னு பார்த்தா, போலீஸ் கண்டுக்கவே இல்லை. நேரா பாலத்துக்கு வந்து நடுரோட்டில் உட்கார்ந்துட்டாங்க. டிராஃபிக் ஜாம்!

போராட்டம் அதோட நிக்கலை. 1967-லும் 1993-லும் வெல்ஷ் மொழிச் சட்டங்கள் வந்தன. 2011-ல் வேல்ஸில் அதிகாரபூர்வ மொழி அந்தஸ்து.

ஊருக்கு வெளியே போகணுமா? 1902-ல் ஓட ஆரம்பிச்ச குட்டி நீராவி ரயில், ரைடோல் பள்ளத்தாக்கு வழியா மூச்சு வாங்கிக்கிட்டே டெவில்ஸ் பிரிட்ஜ் வரை ஏறும். சுமார் 19 கிலோமீட்டர். அங்கே ஒண்ணு மேல ஒண்ணா மூணு பாலங்கள்! நடக்கத் தெம்பு இருந்தா, கடலோரக் குன்றுப் பாதையில் வடக்கே போர்த் கிராமத்துக்குப் போங்க. கடல் உள்வாங்கும்போது, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி மூழ்கின காட்டின் அடிமரங்கள் மணலில் தலைகாட்டும்.

போற வழியில் ரோட்டில் பெருசா 'அராவ்'னு வெல்ஷில் எழுதியிருக்கும். 'மெதுவா'ன்னு அர்த்தம். ஸ்பீடைக் குறைச்சு ஒரு தடவை படிங்க பாஸ்... அந்த ஒரு வார்த்தை ரோட்டுக்கு வந்ததுக்குப் பின்னாடி, குளிரில் பாலத்து மேல உட்கார்ந்த உங்க வயசுக்காரங்க இருக்காங்க!